53.1 சதவீதம்: டேரில் பெம் சோதனைகளில் கேள்வி எங்கே நழுவியது

திரையில் இரண்டு திரைச்சீலைகள். ஒன்றின் பின்னால் படம், மற்றதன் பின்னால் வெறும் சுவர். படம் எதன் பின்னால் இருக்கிறது என்று பங்கேற்பாளர் ஊகித்துச் சொடுக்க வேண்டும். அவர் சொடுக்கிய பிறகுதான் எந்தப் படம், இடமா வலமா என்பதைக் கணினி தற்செயல் எண் கொண்டு முடிவு செய்கிறது. அதனால் யாராக இருந்தாலும் நூற்றுக்கு ஐம்பதுதான் சரியாக வர வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து உளவியலாளர் டேரில் பெம் 2011இல் வெளியிட்ட ஒன்பது சோதனைகளில் இது முதலாவது. பங்கேற்றவர்கள் 100 பேர், ஆளுக்கு 36 முறை. பாலுணர்வைத் தூண்டும் படங்கள் வந்தபோது சரியான ஊகம் 53.1 சதவீதம். டி மதிப்பு (விலகல் தற்செயல் ஏற்ற இறக்கத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) 2.51, பி மதிப்பு (விளைவே இல்லாவிட்டாலும் இவ்வளவு விலகல் வரும் வாய்ப்பு) 0.01, விளைவளவு (விளைவின் பருமன்) 0.25.

இனி நடக்கப்போவதை மனித மனம் முன்கூட்டியே உணர்கிறது என்பதே பெம் எடுத்த முடிவு. கட்டுரை வந்தது சமூக உளவியலின் முதன்மை இதழ்களுள் ஒன்றான ஜர்னல் ஆஃப் பர்சனாலிட்டி அண்ட் சோஷியல் சைக்காலஜியில். பங்கேற்றவர்கள் ஆயிரத்துக்கும் மேல், சராசரி விளைவளவு 0.22, ஒன்பதில் எட்டு சோதனைகளில் பி மதிப்பு வழக்கமான 0.05 எல்லைக்குக் கீழே இருந்தது, அதாவது அவை தேறின. தரவைப் புனைந்தார் என்பதல்ல இங்கே பேச்சு. சோதனை மென்பொருளையும் படங்களையும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து, நீங்களும் செய்து பாருங்கள் என்று அழைத்தவர் அவரேதான். இந்த நிகழ்வைப் படிக்க வேண்டிய காரணமும் அதுவே. அன்றைய உளவியல் ஆய்வில் வழக்கமாக இருந்த முறைகளைக் கொண்டே, நடக்க இயலாத ஒன்று நடந்ததாகக் காட்ட முடிந்தது. அதே முறைகளில் வந்த மற்ற முடிவுகளை எதை நம்பி ஏற்றோம் என்ற கேள்வி உடனே எழுந்தது.

கூடுதலாகக் கிடைத்த ஊகங்கள் எத்தனை

முதலில் 53.1 என்பதை எண்ணிக்கையாக மாற்றிப் பார்ப்போம். முதல் 40 பேருக்கு ஆளுக்கு 12 பாலுணர்வுப் படங்கள், அடுத்த 60 பேருக்கு ஆளுக்கு 18. மொத்தம் 480 + 1080 = 1560 முறை. தற்செயலாக வர வேண்டியது 780, வந்தது ஏறத்தாழ 828. நாற்பத்தெட்டு ஊகங்கள் கூடுதல். 1560 நாணயச் சுண்டலின் திட்ட விலக்கம் (இயல்பான ஏற்ற இறக்கத்தின் அளவு) 1560இன் நான்கில் ஒரு பங்கின் வர்க்கமூலம், அதாவது 19.7. ஆக 48 என்பது 2.4 திட்ட விலக்கம். தற்செயலில் இது அரிது, ஆனால் நடக்கவே நடக்காதது என்று சொல்லும் அளவுக்கு அரிதல்ல. பல இடங்களில் தேடியிருந்தால் எங்கேனும் ஓரிடத்தில் இவ்வளவு தட்டுப்படுவது இயல்புதான்.

எத்தனை இடங்களில் தேடினார்கள் என்பதைக் கட்டுரையே சொல்கிறது. முதல் 40 பேருக்குப் பாலுணர்வுப் படம் 12, எதிர்மறைப் படம் 12, நடுநிலைப் படம் 12. அவர்கள் முடித்த பிறகு வடிவமைப்பு மாறுகிறது: அடுத்த 60 பேருக்குப் பாலுணர்வுப் படம் 18, பாலுணர்வு சாராத இனிய படங்கள் 18. முடிவில் படவகை வாரியாகத் தனித்தனிச் சோதனை. நடுநிலைப் படங்களில் 49.6, எதிர்மறையில் 51.3, இனிய படங்களில் 49.4, காதல் காட்டும் ஆனால் பாலுணர்வு சாராத படங்களில் 50.2 சதவீதம். பாலுணர்வுப் படங்களில் மட்டும் 53.1. இதற்கு மேல், கிளர்ச்சியை நாடும் மனப்பாங்கு உள்ளவர்களை இரண்டே கேள்விகள் கொண்ட ஒரு சிறு அளவுகோலால் பிரித்தெடுத்து, அவர்களிடம் 57.6 சதவீதம் என்று தனியே கணக்கிட்டார்கள்.

ஐந்து படவகைகளுக்கு ஒன்றையொன்று சாராத ஐந்து சோதனைகள், ஒவ்வொன்றுக்கும் எல்லை 0.05 என்று கொள்வோம். எதிலுமே விளைவு இல்லாவிட்டாலும் குறைந்தது ஒன்றாவது எல்லையைத் தாண்டும் வாய்ப்பு 1 − 0.95⁵, அதாவது 22.6 சதவீதம். நூற்றுக்கு ஐந்து என்று நாம் ஏற்றுக்கொண்ட பிழை வாய்ப்பு இங்கே நான்கு மடங்கைத் தாண்டிவிட்டது. ஆண், பெண், கிளர்ச்சி நாடுவோர், நாடாதோர் என்ற பிரிவுகள் இதில் சேரவில்லை.

எல்லையைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுக்கும் பான்ஃபெரோனி திருத்தம் போட்டால் என்ன ஆகும்? ஐந்து சோதனைகளுக்கு எல்லை 0.05 ÷ 5 = 0.01. 99 விடுநிலைகளில் (100 பேரில் ஒன்று குறைய) டி மதிப்பு 2.51க்கு ஒருமுனைப் பி (50க்கு மேலே மட்டும் பார்ப்பது) சுமார் 0.007, இருமுனைப் பி (மேலேயும் கீழேயும் பார்ப்பது) சுமார் 0.014. ஒருமுனையாகப் பார்த்தால் தேறுகிறது, இருமுனையாகப் பார்த்தால் தேறவில்லை. தரவு ஒன்றே. முடிவு மட்டும் நாம் தேர்ந்தெடுக்கும் முனையைப் பொறுத்து மாறுகிறது. பெம் ஒன்பது சோதனைகளிலும் ஒருமுனையைத்தான் எடுத்தார். இருமுனையில் கணக்கிட்டால் எட்டில் இரண்டு விழுந்துவிடும். ஆறாம் சோதனையின் இரண்டு டி மதிப்புகளும் 1.80, 1.74, எட்டாம் சோதனையுடையது 1.92. மூன்றுமே இருமுனை எல்லையான 1.98ஐ எட்டவில்லை.

திசையை முன்பே குறித்து வைத்தவருக்கு ஒருமுனைச் சோதனை தாராளமாகப் பொருந்தும். பாலுணர்வுப் படத்தில் ஊகம் 50க்குக் கீழே போயிருந்தால் அதை வெட்கத்தால் விலகல் என்று விளக்கியிருப்பார்களா என்பதே கேட்க வேண்டியது. அப்படி ஒரு விளக்கம் கைவசம் இருந்திருந்தால் அது இருமுனைச் சோதனைதான், தாளில் என்ன எழுதியிருந்தாலும்.

ஐந்து எப்படி அறுபதாகிறது

பெம் கட்டுரை வந்த அதே 2011இல் ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சோன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இந்த நழுவலைக் கணினிப் பாவனையில் அளந்து காட்டினார்கள். குழுவுக்கு 20 பேர், உண்மையில் எந்த விளைவும் இல்லாத தரவு. ஆய்வாளர் எடுத்துக்கொள்ளும் சிறு சலுகைகள் ஒவ்வொன்றும் போலி முடிவை எவ்வளவு பெருக்குகிறது என்று பார்த்தார்கள்.

ஒன்றுக்கொன்று 0.5 தொடர்புள்ள இரண்டு அளவீடுகளை எடுத்து, இரண்டில் ஒன்றோ அவற்றின் சராசரியோ தேறினால் போதும் என்று வைத்தால் 5 சதவீதம் 9.5 ஆகிறது. 20 பேரில் தேறாவிட்டால் குழுவுக்கு இன்னும் 10 பேரைச் சேர்த்து மறுபடி சோதித்தால் 7.7. பாலினத்தைக் கட்டுப்பாட்டு மாறியாகவோ ஊடாட்டமாகவோ (ஆணிலும் பெண்ணிலும் விளைவு வேறா என்று) சேர்த்துப் பார்க்கும் உரிமை இருந்தால் 11.7. மூன்று சோதனை நிலைகளில் ஒன்றை விட்டுவிடும் உரிமை இருந்தால் 12.6. நான்கும் சேர்ந்தால் 60.7 சதவீதம். அதாவது ஒன்றுமே இல்லாத தரவிலிருந்து பாதிக்கு மேற்பட்ட தடவை வெளியிடத்தக்க முடிவு கிடைக்கும். இதில் ஒரு பொய்யும் இல்லை. ஒவ்வொரு முடிவையும் அந்தந்தக் கணத்தில் நியாயப்படுத்த முடியும் என்பதுதான் இதன் ஆபத்து.

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் மட்டும் தெரிந்த மாணவர்கூட ஆர் என்ற நிரல்மொழியில் பத்து வரியில் இதைச் செய்து பார்க்கலாம், செய்தே ஆக வேண்டும் என்பேன். சராசரி 0, திட்ட விலக்கம் 1 உள்ள இயல்நிலைப் பரவலிலிருந்து 20 எண்கள் கொண்ட இரண்டு குழுக்களை எடுங்கள். டி-சோதனை செய்யுங்கள். பி 0.05க்கு மேல் இருந்தால் குழுவுக்கு 10 எண்களைக் கூட்டி மறுபடி சோதியுங்கள். பத்தாயிரம் முறை ஓடவிட்டு, தேறியவற்றை எண்ணுங்கள். 500 வர வேண்டிய இடத்தில் 770ஐ ஒட்டி வரும்.

பெம்மின் மூன்றாம், நான்காம் சோதனைகளில் இதே சலுகைக்கு வேறு வாசல் உண்டு. அங்கே அளந்தது எதிர்வினை நேரம். 250 மில்லிநொடிக்குக் குறைந்தவையும் 1500ஐத் தாண்டியவையும் நீக்கப்பட்டன, தவறான விடைகள் நீக்கப்பட்டன, தவறு மிகுதியாகச் செய்தவர்கள் மொத்தமாக நீக்கப்பட்டார்கள். மூன்றாம் சோதனையில் 100 பேர் 97 ஆனது அப்படித்தான். எஞ்சிய நேரங்கள் தலைகீழ் மாற்றத்துக்கும் மடக்கை மாற்றத்துக்கும் உட்பட்டன. எதிர்வினை நேரப் பரவல் வலப்பக்கம் நீண்ட வால் கொண்டது என்பதால் மாற்றம் தேவைதான். எந்த வெட்டு, எந்த மாற்றம் என்பது தரவைத் திறக்குமுன் தாளில் இருந்ததா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

சிறிய மாதிரி, பெரிய விளைவு

ஒன்பது சோதனைகளையும் மாதிரி அளவின்படி அடுக்கினால் ஒரு வடிவம் தெரிகிறது. 50 பேர் கொண்ட ஒன்பதாம் சோதனையில் விளைவளவு 0.42. 100 பேரை ஒட்டியவற்றில் 0.19 முதல் ஏறத்தாழ 0.25 வரை. 200 பேர் கொண்ட ஏழாம் சோதனையில் 0.09, தேறாமல் போனது அந்த ஒன்றுதான். ஆள் கூடக் கூட விளைவு சுருங்குகிறது.

இதன் காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். ஒருமுனையில் 0.05ஐத் தாண்ட, 50 பேர் இருந்தால் விளைவளவு குறைந்தது 0.24 வேண்டும். 100 பேருக்கு 0.17 போதும், 200 பேருக்கு 0.12. தேறியவை மட்டுமே வெளியே வரும் இடத்தில், சிறிய மாதிரியிலிருந்து வெளிவரும் விளைவு பெரியதாகத்தான் இருக்க முடியும், சிறியவை வடிகட்டப்பட்டுவிடும். வெளிவந்த விளைவளவைப் பார்த்து அடுத்த ஆய்வுக்கு மாதிரி அளவு குறிப்பவர்கள் இந்த வடிகட்டியை மறந்துவிடுகிறார்கள். பெம், விளைவளவு 0.25ஐ 80 சதவீத வாய்ப்புடன் பிடிக்க 100 பேர் குறைந்தபட்சம் வேண்டும் என்று கணக்கிட்டிருந்தார். ஒருமுனைக்கு அந்தக் கணக்கு சரியே. ஆனால் ஒன்பதாம் சோதனை 50 பேரோடு நின்றது. குறைந்தபட்சம் என்று குறித்த எண் மேல் எல்லையும் இல்லாமல், ஒரு சோதனையில் பாதியாகவும் ஆகும்போது, எங்கே நிறுத்துவது என்ற முடிவு ஆய்வாளர் கைக்குப் போய்விடுகிறது.

பி மதிப்பு எதற்கு விடை சொல்கிறது

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் எரிக்-யான் வாகன்மேக்கர்ஸும் மூன்று சக ஆய்வாளர்களும் எழுதிய மறுப்பு பெம் கட்டுரையோடு அதே இதழில் வந்தது. அவர்கள் சொன்னவற்றில் முக்கியமானது: விளைவே இல்லை என்றால் இப்படி ஒரு தரவு வரும் வாய்ப்பு என்ன என்பதுதான் பி மதிப்பு. இப்படி ஒரு தரவு வந்திருக்கிறது, ஆகவே விளைவு இருக்கும் வாய்ப்பு என்ன என்பது வேறு கேள்வி. நமக்கு வேண்டியது இரண்டாவது, கையில் கிடைப்பது முதலாவது.

எண்களில் போட்டால் தெளிவாகும். ஒரு துறையில் 1000 கருதுகோள்கள் சோதிக்கப்படுகின்றன, அவற்றில் 100 உண்மை. சோதனையின் ஆற்றல் (உண்மையான விளைவைப் பிடிக்கும் வாய்ப்பு) 35 சதவீதம் என்றால் 35 உண்மைகள் பிடிபடும். பொய்யான 900இல் 5 சதவீதம், அதாவது 45, தவறாகத் தேறும். வெளிவரும் 80 முடிவுகளில் 45 போலி. பி 0.05க்குக் கீழே என்றால் பிழை நூற்றுக்கு ஐந்து என்று நினைத்த மாணவருக்கு இங்கே நூற்றுக்கு ஐம்பத்தாறு கிடைக்கிறது. இனி கருதுகோள் ஆயிரத்தில் ஒன்றுதான் உண்மையாக இருக்கக்கூடிய வகை என்று கொள்ளுங்கள். ஆற்றல் 80 சதவீதம் ஆனாலும் உண்மையாகப் பிடிபடுவது ஒன்றுக்கும் குறைவு, போலியாகத் தேறுவது ஐம்பது.

வாகன்மேக்கர்ஸ் குழு பெம் தரவையே பேய்ஸ் காரணியால் மறுபடி எடைபோட்டது, அதாவது விளைவு உண்டு என்ற மாற்றுக் கருதுகோள், இல்லை என்ற இன்மைக் கருதுகோள் இரண்டில் தரவு எதை எத்தனை மடங்கு ஆதரிக்கிறது என்று பார்த்தது. ஒன்பதாம் சோதனை ஒன்றில் மட்டும் மாற்றுக் கருதுகோளுக்கு ஓரளவு சொல்லத்தக்க ஆதரவு, சுமார் 6க்கு 1. பி 0.01 என்று மின்னிய முதல் சோதனையில் 1.6க்கு 1 மட்டுமே. ஏழாம் சோதனை 7.6க்கு 1 என்று இன்மைக் கருதுகோளின் பக்கம் சாய்ந்தது.

பேய்ஸ் முறை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நினைப்பவர்கள் அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். பெம், புள்ளியியலாளர் ஜெசிகா அட்ஸ், வெஸ்லி ஜான்சன் மூவரும் பதில் எழுதினார்கள். நீங்கள் எடுத்த முன்பரவல் (எந்த அளவு விளைவு வரலாம் என்று தரவைப் பார்க்குமுன் வைக்கும் எதிர்பார்ப்பு) மிகப் பெரிய விளைவுகளுக்கெல்லாம் இடம் கொடுக்கிறது, உளவியலில் அப்படி விளைவு வருவதில்லை, ஆகவே சிறிய விளைவுக்கு நியாயமான எடை கிடைக்கவில்லை என்பது அவர்கள் வாதம். விளைவளவு −0.5 முதல் 0.5 வரைக்குள் 90 சதவீதம் அடங்கும்படி முன்பரவலை மாற்றினார்கள். ஒன்பதையும் சேர்த்த பேய்ஸ் காரணி 13,669 ஆனது. இந்த வாதத்தில் சரக்கு இருக்கிறது, முன்பரவலை ஆய்வுத் துறைக்கேற்பக் குறுக்குவது முறையானதுதான். ஆனால் உள்ளே போகும் தரவு ஏற்கெனவே வடிகட்டப்பட்டதென்றால், எந்த முன்பரவலாலும் அதைச் சரிசெய்ய முடியாது. சோதனைகளைச் சேர்த்துப் பெருக்கினால் சாய்வும் சேர்ந்து பெருகும்.

மறுபடி செய்தபோது

எளிதாக மறுபடி செய்யத்தக்கவை எட்டாம், ஒன்பதாம் சோதனைகள். 48 பொதுப்பெயர்ச் சொற்கள், உணவு, விலங்கு, தொழில், உடை என்ற நான்கு வகையில் பன்னிரண்டு பன்னிரண்டாக. ஒவ்வொன்றாகத் திரையில் காட்டி, முடிந்ததும் எதிர்பாராமல் நினைவுச் சோதனை. அதன் பிறகு கணினி 24 சொற்களைத் தற்செயலாகத் தேர்ந்து பயிற்சி கொடுக்கும். தேர்வு எழுதிய பிறகு படிப்பது தேர்வில் உதவுமா என்பதே கேள்வி. மதிப்பெண் கணக்கும் கவனிக்கத்தக்கது: பயிற்சி பெற்ற சொற்களில் நினைவுகூர்ந்ததிலிருந்து மற்றவற்றில் நினைவுகூர்ந்ததைக் கழித்து, அந்த வித்தியாசத்தை மொத்தம் நினைவுகூர்ந்ததால் பெருக்கி, 576ஆல் வகுத்துச் சதவீதமாக்க வேண்டும். வெறும் வித்தியாசமே போதுமான இடத்தில் இந்தப் பெருக்கல் ஏன் வந்தது? நிறைய நினைவுகூர்ந்தவர்களுக்குக் கூடுதல் எடை தர என்பது விளக்கம். இதுவும் முன்பே குறிக்க வேண்டிய தேர்வுதான்.

ஸ்டூவர்ட் ரிச்சி, ரிச்சர்ட் வைஸ்மன், கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் மூவரும் ஒன்பதாம் சோதனையைத் தத்தம் பல்கலைக்கழகத்தில் 50 பேரோடு அப்படியே செய்தார்கள். மூன்றிலும் ஒன்றுமில்லை. பெம்மை வெளியிட்ட இதழ், மறுசோதனைகளை வெளியிடுவதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. 2012இல் அது ப்ளாஸ் ஒன் இதழில் வந்தது. ஒரு துறை தன் பிழையைத் திருத்திக்கொள்ளும் வழியை அதன் முதன்மை இதழே மூடியிருந்தது என்பது பெம் கட்டுரையைவிடக் கவலை தந்த செய்தி. அதே ஆண்டு ஜெஃப் கலாக்கும் வேறு மூவரும் ஏழு சோதனைகள், 3,289 பங்கேற்பாளர்களோடு எட்டையும் ஒன்பதையும் மறுபடி செய்தார்கள். சராசரி விளைவளவு 0.04, சுழியிலிருந்து பிரித்தறிய முடியாதது. இதை அதே இதழ் வெளியிட்டது.

பிறகு பெம் தரப்பு 33 ஆய்வகங்களின் 90 சோதனைகளைத் திரட்டி, விளைவளவு 0.09 என்று தொகுத்துரைத்தது. தொகுப்பாய்வு எத்தனை பெரியதானாலும், உள்ளிருக்கும் ஆய்வுகளில் எவை வெளிவராமல் இழுப்பறையில் கிடந்தன, எவற்றில் முறை நடுவில் மாறியது என்பதைப் பின்னாலிருந்து திருத்துவது கடினம். ஆகவே 2023இல் வெளிவந்த ஆய்வொன்றில் உளவியலாளர் சோல்டான் கெகெச் தலைமையில் வேறு வழி எடுத்தார்கள். முன்னுணர்வை நம்பும் ஆய்வாளர்களும் ஐயப்படும் ஆய்வாளர்களுமாக 29 பேர் உட்கார்ந்து, என்ன முடிவு வந்தால் என்ன பொருள் என்று தரவு வருமுன்பே உடன்பட்டார்கள். எங்கெங்கே நிறுத்திப் பார்க்கலாம் என்பதும் முன்கூட்டியே குறிக்கப்பட்டது. ஒவ்வொரு சொடுக்கும் நிகழ்ந்த கணமே பொதுத் தளத்தில் பதிவானதால், பிறகு யாராலும் எதையும் விட முடியாது. வெளித் தணிக்கையாளர்கள் இருந்தார்கள். பத்து ஆய்வகங்கள், 2,115 பேர், பாலுணர்வுப் படங்களோடு 37,836 ஊகங்கள்.

சரியான ஊகம் 49.89 சதவீதம். இந்த அளவில் திட்டப் பிழை (சதவீதம் தற்செயலாக ஆடும் அளவு) 0.26 சதவீதம் மட்டும். 50இலிருந்து அரைத் திட்டப் பிழைகூட விலகவில்லை, பெம்மின் 53.1 பன்னிரண்டு திட்டப் பிழைத் தொலைவில் நிற்கிறது.

ஆய்வேட்டில் இதைப் பயன்படுத்தும் விதம்

பெம் கேட்ட கேள்வி, முன்னுணர்வு உண்டா என்பது. அவர் சோதித்தது, இந்தப் படவகையில், இந்த ஆட்களிடம், இந்த மாற்றத்துக்குப் பிறகு, ஒருமுனையில் 50ஐத் தாண்டுகிறதா என்பது. முதல் கேள்வியிலிருந்து இரண்டாவதற்குப் பல பாதைகள் உண்டு, எந்தப் பாதை என்பதைத் தரவு தேர்ந்தெடுத்தது. முதுகலை ஆய்வேடுகளிலும் அன்றாடம் நடப்பது இதுவே.

இரவில் கைபேசி பார்ப்பது தூக்கத்தைப் பாதிக்கிறதா என்று ஒருவர் கேட்கிறார், அளவுகோல் பிட்ஸ்பர்க் தூக்கத் தரக் குறியீடு என்று வையுங்கள். அதில் 0 முதல் 21 வரை ஒரு மொத்த மதிப்பெண்ணும் ஏழு உட்கூறுகளும் உண்டு. மொத்தத்தில் தேறாவிட்டால் உட்கூறுகள், அவற்றிலும் இல்லாவிட்டால் விடுதி மாணவர்கள் தனியே, பெண்கள் தனியே என்று பார்வை இறங்கும். இதைத் தடுக்கக் கேள்வியை இப்படி இறுக்க வேண்டும்: படுக்கைக்குச் சென்ற பின் கைபேசியில் செலவிட்ட நிமிடங்கள், ஏழு நாள் சராசரி, தொலைபேசியின் திரைநேரப் பதிவிலிருந்து. மொத்த மதிப்பெண்ணோடு ஸ்பியர்மன் தொடர்பு (தரவரிசைகளைக் கொண்டு அளப்பது), இருமுனை, எல்லை 0.05. உட்கூறுகள் ஏழும் தேடல் பகுப்பாய்வு என்று தனித் தலைப்பில், பான்ஃபெரோனி போன்ற ஹோம் திருத்தத்தோடு.

மாதிரி அளவையும் அப்போதே எழுத வேண்டும். தொடர்புக்கெழு 0.2 இருந்தால் 80 சதவீத வாய்ப்புடன் பிடிக்கச் சுமார் 194 பேர் வேண்டும் (இது பியர்சனுக்கான கணக்கு, ஸ்பியர்மனுக்குச் சற்றுக் கூடும்), 0.1 என்றால் ஏறத்தாழ 780. ஆய்வேட்டுக் காலத்தில் 60 பேர்தான் கிடைப்பார்கள் என்றால் அந்த 60 பேரால் நம்பிப் பிடிக்கக்கூடியது 0.35ஐ ஒட்டிய தொடர்பு மட்டுமே. முடிவில் தேறாவிட்டால் தொடர்பு இல்லை என்று எழுத அந்த மாதிரிக்கு உரிமை கிடையாது. நம்பிக்கை இடைவெளியைக் கொடுத்து, எவ்வளவு பெரிய தொடர்பை விலக்க முடிகிறது என்று மட்டும் எழுதலாம்.

எந்தப் பதில்களை நீக்குவது, விடுபட்டவற்றை என்ன செய்வது, எத்தனையாவது ஆளோடு நிறுத்துவது ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு பக்கத்தில் எழுதி, முதல் வினாத்தாள் கொடுக்கும் முன் ஓப்பன் சயன்ஸ் ஃபிரேம்வொர்க் தளத்தில் தேதியோடு பதிந்துவிடலாம், கட்டணம் இல்லை. பிறகு திட்டத்தை மாற்ற நேர்ந்தால் மாற்றலாம், எங்கே ஏன் மாற்றினோம் என்று முடிவுகள் இயலிலேயே எழுத வேண்டும். நாற்பது பேருக்குப் பின் படவகையை மாற்றியதைப் பெம் மறைக்கவில்லை. அந்த மாற்றம் தரவைப் பார்த்தபின் வந்ததா, பார்க்குமுன் வந்ததா என்பதை வாசகர் சரிபார்க்க ஒரு தேதியிட்ட தாள் இல்லை.